பெரிய காலிபர் வேட்டை ரைஃபிளைத் தனியாகச் செய்விக்கும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும்?

.416 அல்லது .458 காலிபரில், அதாவது அங்குலத்தில் அந்த அளவு விட்டமுள்ள குண்டைச் சுடும்படி, உங்களுக்கென கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைச் செய்விக்கப் போவதாகவும், பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும் அக்ரூட் மரம் ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டதாகவும், இனி வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மரத்தை முதலில் வாங்கிவிட்டேன் என்ற அந்த ஒரு வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

உங்களிடம் முறையான உரிமம் இருக்கிறது, சிறிய காலிபர்களில் சில ஆண்டுப் பழக்கம் இருக்கிறது, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் எருமை போன்ற பெரிய விலங்கை வேட்டையாடப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வேட்டை சரியா தவறா என்பதைப் பற்றி எனக்கு எழுத நினைப்பவர்கள், அது இங்கே கேட்கப்பட்ட கேள்வி அன்று என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நான் துப்பாக்கி செய்யும் கன்ஸ்மித்தும் அல்லன். பணம் கொடுத்து, காத்திருந்து, தவறாகச் செய்யப்பட்ட ஒன்றைப் பெற்று, அதைச் சரிசெய்ய மீண்டும் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவன். தொழில் தெரிந்தவர்கள் என் சொற்களில் பிழை காணலாம். எனக்கு நேர்ந்தவற்றில் பிழை காண முடியாது.

காலிபரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனெனில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்சக் காலிபராகக் கொள்ளப்படும் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு ஓராண்டு முந்தையது .416 ரிக்பி. அக்காலத்துக் கார்டைட் என்ற வெடிமருந்து வெயிலில் சூடேறினால், தோட்டா அமரும் அறையின் அழுத்தம் கூடி, சுட்ட தோட்டாவின் கூடு அறையிலேயே சிக்கிக்கொள்ளும் அபாயம் இருந்தது. ஆகவே ரிக்பியின் கூட்டை மிகப் பெரிதாக அமைத்து, அழுத்தம் தாழ்ந்தே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். 400 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 26 கிராம் எடையுள்ள குண்டை அது விநாடிக்குச் சுமார் 720 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. .458 வின்செஸ்டர் மேக்னம் 1956இல் வந்தது. போல்ட் முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதியான, சாதாரண நீள ஆக்‌ஷனில் அடங்க வேண்டும் என்பதற்காக அதன் கூட்டை 2.5 அங்குலத்திற்குக் குறைத்ததால், தொடக்கக் காலத் தோட்டாக்களில் மருந்தைத் திணித்து அழுத்த வேண்டியிருந்தது. அது நாளடைவில் கட்டியாகி, சொன்ன வேகம் கிடைக்கவில்லை என்ற குறை எழுந்தது. மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்ட ஜாக் லாட் என்பவர் அதே விட்டக் குண்டுக்கு 2.8 அங்குலக் கூட்டை அமைத்ததற்குப் பின்னணி இதுதான். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நல்ல குண்டு சரியான இடத்தில் பட்டால் வேலை முடியும். என் ரைஃபிளில் பழுதுபட்டது காலிபர் அன்று.

நான் .416 ரிக்பியைத் தேர்ந்தெடுத்தேன். கைவினைஞரிடம் போவதற்கு முன்பே மரத்தை வாங்கிவிட்டேன். வேர்ப்பகுதிக்கு அருகில் அறுக்கப்பட்ட அக்ரூட், கரும்புகை சுழன்றது போன்ற கோடுகள் கொண்டது. அந்தக் கோடுகள் எங்கே ஓடுகின்றன என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை, எவ்வளவு அழகாக ஓடுகின்றன என்று மட்டுமே பார்த்தேன். ரைஃபிளின் மரப்பகுதியான கட்டையின் கழுத்து, அதாவது விசையை இயக்கும் கை பற்றுகின்ற ஒடுங்கிய பகுதிதான் ரைஃபிளின் மரத்தில் மிக மெலிந்த இடம். அங்கே இழைகள் நீளவாக்கில் ஓட வேண்டும். என் மரத்தில் அவை சரியாக அந்த இடத்தில் குறுக்கே வளைந்து வெளியேறின. அனுபவமுள்ள எவரும் முதல் பார்வையிலேயே இதைச் சொல்லியிருப்பார். என் கைவினைஞரோ மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்படியொரு துண்டு கிடைப்பது அரிது என்று மட்டும் சொன்னார். அது பொய்யன்று என்பதுதான் இன்றளவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. நாள் முழுவதும் சுமந்து நடக்க வேண்டுமே என்று, எடையைக் குறைக்கும்படி வற்புறுத்தினேன். ஸ்கோப் இல்லாமல் 3.8 கிலோ வந்தது. இந்தத் தோட்டாவுக்கு 4.5 கிலோவோ அதற்குச் சற்று மேலோ இருப்பதே வழக்கம். குண்டும் மருந்தும் முன்னே செல்லும் உந்தம் மாறாது. ரைஃபிளின் எடை குறையும் அளவுக்கு அது பின்னோக்கி வரும் வேகமும் ஆற்றலும் கூடும். நான் மிச்சப்படுத்திய 700 கிராமுக்காகப் பின்னுதையை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டேன். வழக்கமான எடையிலேயே .416 ரிக்பியின் உதை, பலரும் பழகிய .30-06 ரைஃபிளின் உதையைப் போல மூன்று மடங்கு இருக்கும் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், இந்தக் கூடுதல் சிறியதாகத் தோன்றாது.

மூன்றாவதாக, கட்டையின் நீளம். விசையிலிருந்து பின்முனை வரையிலான அளவைத்தான் சொல்கிறேன். நான் உயரம் குறைந்தவன், கைகளும் குட்டை. என்னை யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. கடையில் விற்கும் ரைஃபிள்களில் இருக்கும் நீளமே எனக்கும் கொடுக்கப்பட்டது. தனக்கென்று செய்விப்பதன் முதல் பயனே உடலுக்குப் பொருந்துவதுதான் என்பது எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

பதினாறு மாதங்கள் காத்திருந்து பெற்றுக்கொண்ட பிறகு, சுடுதளத்தில் மேசையில் சாய்ந்து முதன்முறையாகச் சுட்டேன். இரண்டாவது முறை சுட்டபோது மேகசினின் அடித்தகடு உதையில் திறந்துகொள்ள, மீதமிருந்த தோட்டாக்கள் என் மடியில் கொட்டின. தாழ்ப்பாளின் வில் வலுவற்றது என்று எண்ணி, தகட்டை அழுத்தி மூடிவிட்டுத் தொடர்ந்தேன். நான்காவது முறை ஸ்கோப்பின் விளிம்பு என் புருவத்தைக் கிழித்தது. கட்டை எனக்கு நீளமாக இருந்ததால் கழுத்தை முன்னே நீட்டித்தான் பார்க்க முடிந்தது. போதாக்குறைக்கு மேசைமேல் குனிந்திருந்ததால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமற்போயிற்று. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தொடர்ந்து சுட்டேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அறிவின்மைக்குச் சான்றாகச் சொல்கிறேன். பதினொன்றாவது முறைக்குப் பிறகு கட்டையின் கழுத்தில், ஆக்‌ஷனின் பின்னே ஒடுங்கி நீளும் வால் முடியும் இடத்திலிருந்து, மயிரிழை போன்ற ஒரு கோடு தெரிந்தது. மரத்தின் கோடுகளில் ஒன்று என்று நினைத்து விரலால் தடவினேன். நகம் உள்ளே இறங்கியது.

அந்தக் கைவினைஞரிடம் எடுத்துச் சென்றபோது அவர் சொன்ன பதிலுக்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன். தோட்டாக்கள் அளவுக்கு மீறிய வேகமுடையவையாக இருக்கலாம் என்றார். அவை ஆலையில் செய்யப்பட்டவை என்று பெட்டியைக் காட்டினேன். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த உடம்புக்கு இந்தக் காலிபர் தேவையா என்று கேட்டார். உடம்புக்கும் மரம் பிளந்ததற்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னுதையைத் தாங்குவது உடல் பருமனைப் பொறுத்தது என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒல்லியானவரின் தோள் உதையோடு சேர்ந்து பின்னே போய்விடும், கனத்தவரின் தோள் அப்படியே நின்று முழுவதையும் வாங்கிக்கொள்ளும். மேசையில் சாய்ந்து சுடுவதைவிட நின்று சுடுவது எளிதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

வேறொரு கைவினைஞர் ரைஃபிளைக் கழற்றினார். ஆக்‌ஷனின் அடியில் லக் எனப்படும் இரும்புப் புடைப்பு ஒன்று இருக்கும். பின்னோக்கி வரும் விசை முழுவதையும் அது தன் பின்முகத்தால் மரத்தின்மீது பரப்ப வேண்டும். அவர் அந்த முகத்தில் விளக்குக் கரியை மெல்லப் பூசி, ஆக்‌ஷனைக் கட்டையில் அழுத்தி எடுத்துக் காட்டினார். பள்ளத்தின் ஒரே ஒரு மூலையில் மட்டும் கரி ஒட்டியிருந்தது; எஞ்சிய இடம் வெறும் மரமாக இருந்தது. ஆக்‌ஷனின் வால் முடியும் இடத்திலோ மரம் இரும்போடு ஒட்டி நின்றது. அழகாகத் தெரிவதற்காக இடைவெளியே இல்லாமல் பொருத்தியிருக்கிறார்கள். லக் தாங்காத விசையை அந்த வால் ஆப்பு போலக் கழுத்தின் நடுவே செலுத்தியிருக்கிறது. இழையும் அங்கே குறுக்காக ஓடியதால் மரத்துக்கு வேறு வழியில்லை. வாலுக்குப் பின்னால் ஒரு தடித்த தாள் நுழையும் அளவுக்காவது இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, நான் வியந்து படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிய அந்த நெருக்கமான பொருத்தம் நினைவுக்கு வந்தது.

புதிய கட்டை நேரான இழை கொண்ட, பார்ப்பதற்குச் சாதாரணமான அக்ரூட். குழலின் அடியில் இரண்டாவது லக், மேகசினுக்கு முன்னும் பின்னும் குறுக்கே செல்லும் இரும்பு போல்ட்டுகள், லக் உட்காரும் பள்ளங்களில் எபாக்சிப் பூச்சு, வாலுக்குப் பின்னால் இடைவெளி. தோள்வாரின் முன்வளையத்தை அவர் கட்டையிலிருந்து எடுத்துக் குழலின் மேல் பட்டையாகப் பொருத்தினார். கட்டையில் இருந்தால் உதையின்போது ரைஃபிளை முன்னால் தாங்கும் கையில் மோதிக் காயப்படுத்தும் என்றார். ஸ்கோப் இல்லாமல் இப்போது 4.6 கிலோ. கட்டையின் நீளத்தை என் கையை வைத்து அளந்தார். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றச் சொல்லி, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். குறிமுள் பின்குறியின் பள்ளத்தில் தானாகவே அமரும் வரை, கன்னம் படியும் மேல்விளிம்பைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். அன்று மாலை நின்றபடி ஆறு முறை சுட்டேன். வலித்தது, ஆனால் அடுத்த தோட்டாவை ஏற்றத் தயக்கம் வரவில்லை.

தோட்டா ஏறுவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மவுசர் 98 வகை ஆக்‌ஷனைப் பலரும் விரும்புவதற்குக் காரணம், தோட்டா மேகசினிலிருந்து எழும்போதே அதன் அடிவிளிம்பை எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பற்றிக்கொள்வது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதியிலேயே பின்னிழுத்தாலும், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தோட்டாக்கள் அறைக்குள் முட்டிக்கொள்ளாது. ஆனால் அந்த ஆக்‌ஷன் எந்தத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டதோ அதற்குத்தான் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேகசினின் உதடுகளும் அறைக்குள் வழிகாட்டும் சரிவுப் பாதையும் பொருந்தும். வேறு தோட்டாவுக்கு மாற்றும்போது அவற்றைத் திருத்தி அமைப்பதுதான் நேரம் தின்னும் வேலை, வெளியே தெரியாத வேலை. என் ரைஃபிளில் முனை உருண்ட குண்டுகள் வழுக்கிக்கொண்டு ஏறின. எருமைக்கென வாங்கிய தட்டைமுனைக் குண்டுகளோ சரிவில் முட்டி நின்றன. ரிக்பிக்காவது கூட்டில் வாய்ப்பக்கம் ஒடுங்கும் ஒரு தோள் இருக்கிறது, தோளில்லாத .458 கூடுகள் இன்னும் பிடிவாதம் பிடிக்கும் என்று இரண்டாமவர் சொன்னார். தொழிற்சாலை ரைஃபிளை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காதே என்று கேட்பீர்கள். அவற்றிலும் சிலவற்றுக்கு இதே திருத்தம் தேவைப்பட்டதைக் கண்டிருக்கிறேன். ஆனால் உடலுக்கு ஏற்ற அளவு தேவையில்லாதவர் அதையே வாங்கலாம், அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

இனி உங்கள் மரத்துக்கு வருகிறேன். கட்டையின் வடிவத்தைத் தாளில் வெட்டி அதன்மேல் வைத்து, கழுத்து வரும் இடத்தில் இழைகள் எப்படி ஓடுகின்றன என்று இரண்டு பக்கமும் பாருங்கள். நீளவாக்கில் ஓடி, கோலங்கள் பின்பகுதியில் மட்டும் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. குறுக்கே ஓடினால், அதை உதை குறைந்த ஒரு ரைஃபிளுக்கு ஒதுக்கிவிட்டு, இதற்கு நேரிழை மரம் வேறு தேடுங்கள். வேலையைத் தொடங்கும் முன், எடை, கட்டை நீளம், எந்தெந்த வடிவக் குண்டுகள் ஏற வேண்டும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பெற்றுக்கொள்ளும் நாளில், நீங்கள் சுடப்போகும் அதே குண்டுகள் பொருத்திய, மருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லாத பயிற்சித் தோட்டாக்களைக் கையோடு எடுத்துச் சென்று, மேகசின் நிறைய இட்டு, மெதுவாகவும் விரைவாகவும், ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்தும் ஏற்றிப் பாருங்கள். ஒன்று சிக்கினாலும் ரைஃபிளை மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நான் அன்று செய்யாதது அதுதான். பெட்டியைத் திறந்து மரத்தைப் பார்த்தேன், மூடினேன், கையெழுத்துப் போட்டேன்.