கண்குழி என்பு முறிவும் சத்திரசிகிச்சைக்கான காலமும்

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். எனது கணவருக்கு வயது 38. இரவு வீட்டுக்குத் திரும்பும்போது வீதியில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதி விழுந்துவிட்டார். இடது கண்ணுக்குக் கீழே என்பு உடைந்திருப்பதாக சி.ரி. ஸ்கானில் தெரிந்தது. ஆறு நாட்களாகியும் மேலே பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, கன்னமும் விறைத்திருக்கிறது. அடுத்த கிழமை கிளினிக்குக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பிந்தினால் கண் பழுதாகிவிடுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அடுத்த கிழமை வரச் சொன்னது பெரும்பாலும் அசட்டையினால் அல்ல. கண்குழி ஏழு என்புகள் சேர்ந்து அமைந்தது. அதன் விளிம்பு தடித்தது. ஆனால் அடித்தளம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்புடையது. பலமான அடி விழும்போது இந்த அடித்தளம் உடைந்து, கண்ணைச் சூழ்ந்துள்ள கொழுப்பும் சிலவேளை கண்ணை அசைக்கும் தசையும் கீழேயுள்ள கன்னக் காற்றறைக்குள் இறங்கிவிடுகின்றன. இரட்டைப் பார்வை அதனால் வரலாம். அந்த அடித்தளத்தின் வழியே ஓடும் நரம்பு நசிவதால் கன்னம் விறைக்கிறது. இது பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும்.

தசை சிக்காமல் வீக்கம் மட்டும் இருந்தாலும் இரட்டைப் பார்வை வரக்கூடும் என்பதால், அது வற்றிய பின்னர் கண் அசைவை மீண்டும் சோதித்தே முடிவெடுப்பார்கள். தசை சிக்கியிருந்தாலோ, கண் 2 மில்லிமீற்றருக்கு மேல் உள்ளே அமிழ்ந்திருந்தாலோ, அடித்தளத்தின் பாதிக்கு மேல் உடைந்திருந்தாலோ, பொதுவாக இரண்டு கிழமைகளுக்குள் சத்திரசிகிச்சை செய்வது நல்லது. அதற்குப் பிந்தினால் இழையங்கள் தழும்பாகி ஒட்டிக்கொள்வதால் வேலை கடினமாகும். ஆகவே குறித்த நாளைத் தவற விட வேண்டாம்.

முழு மயக்கத்தில், பெரும்பாலும் கீழ் இமையின் உட்புறத்தில் கீறி, இறங்கிய இழையங்களைத் தூக்கியெடுத்து, உடைந்த இடத்தில் ரைற்றேனியம் வலையையோ நுண்துளைப் பிளாஸ்ரிக் தகட்டையோ பொருத்துவார்கள். வெளியே தழும்பு தெரியாது. ஆனால் இரட்டைப் பார்வை மறுநாளே போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில கிழமைகள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும், சிலருக்கு ஓரளவு மிஞ்சவும் கூடும்.

இப்போதைக்கு அவர் மூக்குச் சிந்தக் கூடாது. சிந்தினால் காற்றறையிலிருந்து காற்று ஏறிக் கண்ணைச் சுற்றி ஊதும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். பார்வை மங்கினால், கண் வெளியே தள்ளிக் கடுமையாக வலித்தால், கண்ணின் பின்னே இரத்தம் தேங்கிப் பார்வை நரம்பை நெரிக்கக் கூடும். அப்போது விடியும் வரை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது.

பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுவரின் இளம் என்பு முறிந்து விலகாமல், வளைந்து மீண்டும் மூடிக்கொண்டு தசையைக் கவ்விப் பிடிக்கும். பந்து பட்ட கண் சிவக்காமல் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் மேலே பார்க்க முடியாது, வாந்தி வரும், நாடித்துடிப்புக் குறையும். இதைத் தலையில் பட்ட அடியின் விளைவென்று எண்ணி ஏமாந்துவிடுவதுண்டு. நெரிபட்ட தசை இறந்துவிடாமல் இருக்க, 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

உங்கள் கணவர், இரட்டைப் பார்வை தீர்ந்ததென்று கண் வைத்தியர் சொல்லும்வரை மோட்டார் சைக்கிளைத் தொடக் கூடாது.