வடிகானைக் கேட்டுவிட்டு வீதியைக் கேளுங்கள்: மலையக வீதிகள் பற்றிய கேள்வி பதில்

வீதி வேலைகளை நெடுங்காலம் மேற்பார்வை செய்து ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

நுவரெலியா வாசகர்: ஐயா, எங்கள் தெருவுக்குச் சித்திரை சீசனுக்கு முன் காபட் (கல்லும் தாரும் கலந்த மேற்பூச்சு) போட்டார்கள். ஆடிக்குள் பெயர்ந்துவிட்டது. தாரில் கலப்படமா?

எடுத்த எடுப்பில் தாரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கல்லும் தாரும் ஒட்டியிருப்பது இடையில் நீர் புகாதவரைதான். மலையை வெட்டிப் போட்ட வீதியில் நீர் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. வெட்டிய சரிவிலிருந்து கசிந்து அடித்தளத்துக்குள்ளும் இறங்குகிறது. மழை விட்டு இரண்டு நாள் கழித்து, வெயில் காயும்போது போய்ப் பாருங்கள். வீதி முழுவதும் உலர்ந்திருக்க, வெடிப்புகளின் ஓரம் மட்டும் ஈரமாக இருந்து, அதைச் சுற்றி மண் கலங்கலாகப் படிந்திருக்கிறதா? பஸ்ஸின் சில்லு ஏறும் ஒவ்வொரு தடவையும் அடிமண் நீரோடு மேலே உமிழப்படுகிறது என்று அர்த்தம். அதன்மேல் இன்னொரு காபட் போட்டால் பணம் வடிகானில் போகும். வடிகானே இல்லாத தெருவில் அதற்கும் வழியில்லை!

உங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் மழை குறைந்த காலம். ஆகவே சீசனுக்கு முன் போட்டது பிழையல்ல. வேலையின் வரிசைதான் பிழை. முதலில் மதகையும் வடிகானையும் சீர்செய்து, பிறகு அடித்தளத்தை இறுக்கி, கடைசியாகவே காபட்டுக்கு வரவேண்டும். ஆனால், வடிகானுக்குத் திறப்பு விழா வைத்ததை நான் கண்டதில்லை.

பதுளை வாசகி: எங்களுக்கும் அதே மாதங்கள்தானா?

இல்லை அம்மா. உங்களுக்கு வடகீழ்ப் பருவமழைதான் பெருமழை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே வேலைக்கு ஏற்றவை. நிதியாண்டோ டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடுமே என்று ஆண்டுக் கடைசியில் அவசரப்பட்டால், அடைமழையில் தார் ஊற்ற வேண்டியதுதான்.

ஹட்டன் வாசகர்: குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போகிறார்கள். இது போதுமா?

போதாது. குழியின் ஓரங்களைச் செங்குத்தாக, சதுரமாக வெட்ட வேண்டும். உதிரிக் கல்லையும் சேற்றையும் அள்ளி, ஈரத்தை உலர்த்தி, பக்கங்களிலும் அடியிலும் மெல்லியதாகத் தார்க்குழம்பு பூசவேண்டும். ஆழமான குழியானால் கலவையை இரண்டு அடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுக்க வேண்டும். மண்வெட்டியின் முதுகால் தட்டியது அடுத்த லொறிவரைதான் தாங்கும்.

தலவாக்கலை வாசகி: நகர வீதி குன்றும் குழியுமாக இருக்கிறது என்றால் ஒரு சபை இன்னொன்றைக் கைகாட்டுகிறது. தோட்ட வீதி யாருடையது என்பதோ எவருக்கும் தெரியவில்லை.

வீதியின் வகுப்பைக் கேளுங்கள். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி வகுப்புகள் மாகாணத்துக்கு உரியவை. மற்ற உள்வீதிகள் பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுடையவை. அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 உங்கள் நகருக்குள்ளேயே ஓடினாலும் நகர சபை அதைத் தொடாது.

தோட்ட வீதியின் கதை வேறு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று சபைகள் கைவிரித்து வந்தன. வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. இனி அந்தச் சாக்கு செல்லாது. பணம் இல்லை என்ற சாக்கு மட்டும் மிச்சம்.

பொகவந்தலாவை வாசகர்: எங்கள் லயத்துப் பாதைக்குக் காபட் கேட்டோம், கொங்கிரீட் தருகிறார்கள். ஏமாற்றமா?

ஏமாற்றமல்ல. காபட் கலவை ஆலையை விட்டுப் புறப்படும்போது ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். படங்கு போர்த்தினாலும் மலை வளைவுகளில் ஊர்ந்து வருவதற்குள் ஆறிவிடும். ஆறிய கலவை ரோலருக்கு மசியாது. குறுகிய, செங்குத்தான பாதைக்குக் கொங்கிரீட்டே மேல். குறைந்தது ஏழு நாள் நனைத்த சாக்கு போட்டு ஈரம் காக்கச் சொல்லுங்கள். முச்சக்கரவண்டிக்காரத் தம்பிகளிடம் அதுவரை பொறுக்கச் சொல்வது உங்கள் பாடு.

பண்டாரவளை வாசகர்: எவ்வளவு செலவானது, யார் ஒப்பந்ததாரர் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அந்தச் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவுசெய்ய வேண்டும். தொகையோடு நிறுத்தாமல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். அந்தக் காலத்துக்குள் வீதி பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவில் திருத்த வேண்டும். அது முடிந்த மறுவாரம் முறையிட்டுப் பயனில்லை.

மஸ்கெலியா வாசகி: எங்கள் கொங்கிரீட் பாதையில் பாசி. பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

கம்பித் தூரிகையால் சுரண்டி, மேலே கவிந்த கிளைகளை வெட்டி வெயில் பட விடுங்கள். எந்த வீட்டுக் குழாய் நீர் பாதையில் ஓடுகிறது என்றும் பார்த்துத் திருப்பிவிடுங்கள். அதைவிட்டு, பாசிக்கு மேலே சீமெந்து பூசாதீர்கள்.