கேளுங்க, சொல்றோம்: ஆப்பிரிக்கக் கால்பந்து

இந்த இதழில் ஆப்பிரிக்கக் கால்பந்து பற்றி வந்த கேள்விகள் மட்டும்.

ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் ட்ரோக்பா மண்டி போட்டு உள்நாட்டுப் போரையே நிறுத்திட்டாருன்னு வாட்ஸ்அப்ல சுத்துதுங்க. நெசமுங்களா?
— கரூர் வாசகர்

மண்டியிட்டது நிஜம். அதனால் போர் நின்றது என்பது பிறகு ஏற்றிய மசாலா.

2005 அக்டோபர் 8 அன்று சூடானில் 3-1 என்று வென்று ஐவரி கோஸ்ட் முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உடை மாற்றும் அறையில் டி.வி. கேமரா முன்னால் வீரர்கள் மண்டியிட்டார்கள். ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று ட்ரோக்பா கேட்டார். அப்போது நாடு இரண்டாகக் கிடந்தது. 2002 செப்டம்பரில் தொடங்கிய போரில் வடக்கு கிளர்ச்சியாளர்களிடமும் தெற்கு அரசிடமும் இருந்தன. சண்டையின் அடியில் இருந்த கேள்வி, 'யார் அசல் ஐவரி கோஸ்ட்காரன்?' என்பது. வடக்கத்திப் பெயர் வைத்திருந்தால் அடையாள அட்டைக்கே அலைய வேண்டியிருந்தது. அதே அணியில் கிளர்ச்சியாளர்களின் தலைநகரான புவாக்கேயில் பிறந்த யாயா டூரே ஆடினார், தெற்கத்திக்காரரான ட்ரோக்பாவும் ஆடினார். அந்த வேண்டுகோளுக்கு எடை வந்தது இதனால்தான்.

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 2007 மார்ச்சில், அண்டை நாட்டு வாகடூகு நகரில். அதன்பின் ஜூனில் மடகாஸ்கருக்கு எதிரான ஆட்டத்தைப் புவாக்கேயிலேயே நடத்தி 5-0 என்று வென்றார்கள். தெற்கே அபிஜான் நகரில் ஆடியிருக்க வேண்டியதை அங்கே கொண்டுபோனதுதான், எங்கள் கணக்கில், மண்டியிட்டதைவிடப் பெரிய காரியம். ஆனால் 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் சண்டை மூண்டு சுமார் 3,000 பேர் செத்தார்கள். வாட்ஸ்அப்பில் இந்தப் பாதி வராது.

கேமரூன் டீம் கை இல்லாத பனியன் போட்டு ஆடினாங்களாமே? எங்க ஏரியா டீமுக்கும் அதே மாதிரி தெச்சுத் தரச் சொல்றாங்க. தெக்கலாமுங்களா?
— திருப்பூர் வாசகர்

திருப்பூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். 2002-ல் மாலியில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் கேமரூன் கையில்லாத சட்டையோடு ஆடிக் கோப்பையையும் வாங்கியது. அதே ஆண்டு உலகக் கோப்பையில் ஃபிஃபா ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே கறுப்புக் கை வைத்துத் தைத்துத்தான் இறங்கினார்கள். 2004-ல் துனிசியாவில் அடுத்த வேடிக்கை: சட்டையும் டிரவுசரும் ஒன்றாகத் தைத்த ஒரே உடுப்பு. கால்பந்து விதிகளில் 4-வது, 'சட்டை வேறு, அரைக்கால் சட்டை வேறு' என்கிறது. ஃபிஃபா 2 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டு, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 6 புள்ளிகளையும் வெட்டியது. பின்னால் புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் கேமரூன் போகவில்லை. மேலே சொன்ன அதே 2005 அக்டோபர் 8-ல், எகிப்துக்கு எதிராகக் கடைசி நேரப் பெனால்டியைத் தூணில் அடித்து 1-1 என்று முடித்தார்கள். அந்த இடம்தான் ஐவரி கோஸ்டுக்குப் போனது.

ஆக, பதிவு பெற்ற போட்டி என்றால் கை வைத்தே தையுங்கள். தெரு ஆட்டத்துக்கு எப்படியும் தைக்கலாம். துணி விஷயத்தில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். கையில் இருக்கிற காட்டன் நிட்டில் சப்ளிமேஷன் (பேப்பரிலிருந்து சூட்டில் துணிக்குச் சாயம் ஏற்றும் பிரிண்ட்) அடித்தால் முதல் சலவையிலேயே வெளுக்கும், அந்தச் சாயம் பாலியஸ்டரில்தான் ஏறும். வெள்ளை பாலியஸ்டர், 140–160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடுங்கள். ஹீட் பிரஸ் 200 டிகிரி, 40–45 வினாடி. அடிக்கும் முன் 5 வினாடி வெறுமனே அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள். ஈரம் இருந்தால் திட்டுத் திட்டாக வரும். பிரஸ்ஸைத் தூக்கும்போது பேப்பர் நகர்ந்தால் நம்பர் இரட்டையாகத் தெரியும். ஹீட் டேப் ஒட்டிவிட்டால் நகராது. கட்டிங் பீஸிலேயே பிரிண்ட் அடித்துவிட்டு அப்புறம் தைக்க வேண்டும். தைத்த சட்டையில் அடித்தால் கக்கத்து மடிப்பில் வெள்ளைக் கோடு விழும்.

வுவுசெலா ஊதிப் பாத்தேன், காத்துதான் வருது. என்ன தப்பு?
— நாமக்கல் வாசகர்

தென்னாப்பிரிக்க ரசிகர்கள் மைதானத்தில் முழக்கும் குழல் அது. வெறுமனே ஊதக் கூடாது. உதட்டை இறுக்கி, 'ப்ர்ர்' என்று அதிரவிட வேண்டும். நோம்பிக்குக் கொம்பும் தாரையும் ஊதுகிறவரைக் கேளுங்கள், ஒரு நிமிஷத்தில் சொல்லித் தருவார். சுமார் 65 செ.மீ. பிளாஸ்டிக் குழல், வருவது ஒரே சுருதி. பக்கத்தில் நிற்பவர் காதுக்கு ஆகாது, குழந்தை இருந்தால் வேண்டாம்.

ஆப்பிரிக்காவில் வாழைநாரில் பந்து கட்டி ஆடுவார்களாமே? எங்கள் தோட்டத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளுக்குச் செய்து தர முறை சொல்லுங்கள்.
— கோபிசெட்டிபாளையம் வாசகி

உகாண்டா, ருவாண்டா பக்கம் வாழைச்சருகுப் பந்து உண்டு. வேறு பல இடங்களில் கேரி பேக்கைச் சுருட்டிக் கந்தலைச் சுற்றுவார்கள். ருவாண்டா 2008-லும் கென்யா 2017-லும் பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டன, நம்மூரில் 2019-ல். உங்களுக்குச் சருகே மேல்.

காய்ந்த சருகில் தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். மொறுமொறுவென்று இருந்தால் பொடியும். உரித்த தேங்காய் அளவுக்கு (சுற்றளவு 33 செ.மீ.) இறுக்கி உருட்டி நாரால் கட்டுங்கள். அதன்மேல் பனியன் வேஸ்ட்டை 3–4 செ.மீ. அகலப் பட்டையாகக் கிழித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் உருண்டையைக் கொஞ்சம் திருப்பிச் சுற்றுங்கள். ஒரே பக்கம் சுற்றினால் பந்து முட்டை வடிவமாகும். சுற்றளவு 45 செ.மீ. வந்ததும் நிறுத்துங்கள். எடை 300–350 கிராம் இருக்கும். கடைப்பந்தின் அளவு 68–70 செ.மீ., எடை 410–450 கிராம். அது காற்று. அதே அளவுக்குக் கந்தலில் சுற்றினால் ஒன்றரைக் கிலோவை நெருங்கும், கால் விரல் போய்விடும். கடைசியாக ஈர நாரால் மேலே வலை போல முடிச்சுப் போட்டு வாருங்கள். கட்டம் 3 செ.மீ.க்கு மேல் போனால் துணி பிதுங்கும். நார் காய்ந்ததும் தளரும், மறுநாள் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். மழையில் விடாதீர்கள்.

இந்தப் பந்து குதிக்காது. அதனால் தரையோடு தரையாக, காலை ஒட்டியே ஆடப் பழகுவார்கள். இதை வைத்து, 'ஏழ்மைதான் அவர்களுக்குத் திறமை கொடுத்தது' என்று எழுதுவதைப் பார்த்தால் எங்களுக்கு எரிச்சல் வரும். மேலே சொன்ன யாயா டூரேயும் அவர் சகோதரர்களும் வந்தது அபிஜான் நகரின் அசெக் மிமோசாஸ் கிளப் அகாடமியிலிருந்து. அங்கே பந்தோடு படிப்பும் சோறும் இருந்தன.

வாளையார் தாண்டி மலப்புரம் பக்கம் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடற கால்பந்து) பாக்கப் போவோமுங்க. கானா, நைஜீரியா பசங்க ஆடறாங்க. 20 வயசுங்கறாங்க, பாத்தா 30 மாதிரி இருக்குது. வயசைக் கண்டுபிடிக்க வழியில்லீங்களா?
— பொள்ளாச்சி வாசகர்

20-ஆ 30-ஆ என்று சொல்ல எந்த ஸ்கேனாலும் ஆகாது. ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுக்கிறது. முன்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு (வளரும் வயதில் எலும்பு நுனியில் இருக்கும் குருத்தெலும்பு) எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்த்து 1 முதல் 6 வரை தரம் போடுவார்கள். 6 என்றால் முழுக்க மூடிவிட்டது, பையன் 17-ஐத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். 2023 ஜனவரியில் கேமரூன் 30 பையன்களுக்கு எடுத்ததில் 21 பேர் தேறவில்லை. தட்டு மெதுவாக மூடுகிற 19 வயதுப் பையன் தப்பித்துவிடுவான், அதுதான் ஓட்டை. பிறப்பைப் பதியாமல் விடும் ஊர்களில் தேதியே பின்னால் எழுதுவதுதான், எல்லாமே மோசடி அல்ல. நம் பாட்டன்மார் பிறந்த தேதியை வாத்தியார் போட்ட கதைதான்.

வயதைவிட வேறொன்றைக் கவனியுங்கள். செவன்ஸுக்கு அகில இந்தியக் கால்பந்து சங்கத்தின் அங்கீகாரம் இல்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. காசு வாங்கி ஆட வேலை விசா வேண்டும். சுற்றுலா விசாவில் கூட்டி வந்து, சம்பளம் தராமல் விட்டால், அந்தப் பையன் போலீஸுக்கும் போக முடியாது.

ஆப்பிரிக்க வீரரைக் கோடிக்கணக்கில் வாங்குகிறார்களே, வளர்த்துவிட்ட ஊர் கிளப்புக்கு ஏதாவது வருமா?
— ஈரோடு வாசகர்

வரும், கணக்கு எழுதி வைத்திருந்தால். நாடு விட்டு நாடு விற்கும் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை பயிற்சி தந்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12–15 வயதில் ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16–23-ல் ஆண்டுக்கு 0.5. பையன் 12 வயதில் வந்து 18-வது பிறந்தநாள் வரை உங்களிடம் இருந்தான், 10 கோடிக்கு விற்கிறார்கள் என்று வையுங்கள்: நான்கு ஆண்டுக்கு 1 சதவீதம், இரண்டு ஆண்டுக்கு இன்னொரு 1 சதவீதம், மொத்தம் 20 லட்சம்.

கை நழுவுவது இப்படி: பையன் பெயரைச் சங்கத்தில் பதியாமல் ஆடவிட்டிருப்பார்கள், அந்த ஆண்டுகள் கணக்கில் இல்லை. ஒப்பந்தம் முடிந்து சும்மா போனால் விலையே இல்லை, அதில் 5 சதவீதமும் இல்லை. 2022 நவம்பரிலிருந்து ஃபிஃபா தனி கிளியரிங் ஹவுஸ் வழியாகப் பிரித்துக் கொடுக்கிறது, ஆனாலும் அதற்குப் பதிவேடுதான் ஆதாரம். இன்னொன்று: 18 வயதுக்குக் கீழ் வெளிநாட்டு கிளப்புக்கு மாற்றுவதை, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா தடுத்திருக்கிறது. 15 வயதுப் பையனுக்கு 'ஐரோப்பாவில் டிரையல்' என்று முன்பணம் கேட்கிறவன் ஏஜென்ட் அல்ல. இந்த மோசடியில் நிலத்தை விற்றுக் கொடுத்த குடும்பங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் ஏராளம்.

ஏனுங்க, அங்க எல்லா டீமும் சிங்கம், யானைன்னே பேரு வெச்சிருக்காங்களே?
— பவானி வாசகி

எல்லாம் இல்லை. கானா அணி 'கறுப்பு நட்சத்திரங்கள்'. கறுப்பின உரிமைத் தலைவர் மார்கஸ் கார்வியின் 'கறுப்பு நட்சத்திர' கப்பல் கம்பெனிப் பெயர் நாட்டுக் கொடிக்கு வந்து, அங்கிருந்து சட்டைக்கு வந்தது. ஜாம்பியா 'சிப்பொலோபொலோ', செம்புத் தோட்டா. செம்புச் சுரங்க நாடு அது. செனகல் 'தெராங்கா சிங்கங்கள்'. தெராங்கா என்றால் விருந்தோம்பல், ஆக வாங்க உட்காருங்க என்று சொல்லும் சிங்கம். பெனின் வெகுகாலம் 'அணில்கள்' என்று இருந்து, 2022-ல் 'சிவிங்கிப்புலிகள்' (சீட்டா) ஆகிவிட்டது. அணிலே நன்றாகத்தான் இருந்தது.