மகள் கேட்பது கல்வித் தத்துவம், உறவினர்கள் கேட்பது எம்.பி.ஏ.

உங்கள் மகள் கணிதத்தில் பட்டம் முடித்துவிட்டாள். மேற்படிப்பாகக் கல்வியின் தத்துவ, சமூக அடிப்படைகளைப் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். மாமாவும் சித்தப்பாவும் எம்.பி.ஏ.வில் சேர்க்கச் சொல்கிறார்கள். "டீச்சர் ஆகணும்னா பி.எட். போதுமே, தத்துவம் எதுக்கு?" என்ற கேள்வி வேறு. உங்கள் கவலை புரிகிறது. ஆனால் "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று தேற்றி அனுப்புவதில் பயனில்லை.

முதலில் எம்.பி.ஏ. அந்தப் பட்டத்தின் மதிப்பில் பெரும்பகுதி, அதைத் தரும் கல்லூரியின் மதிப்பு. வளாகத் தேர்வுக்கு நல்ல நிறுவனங்கள் வராத இடத்தில் கடன் வாங்கிப் படித்தால், கையில் பட்டமும் தலையில் தவணையும்தான் மிஞ்சும். நிர்வாகத்தில் நாட்டமே இல்லாத பெண்ணை அதில் தள்ளுவது அதைவிடப் பெரிய நஷ்டம். தவணை கட்டப்போவது மாமா அல்ல. பி.எட்., அரசுத் தேர்வுகள், கணினிப் பயிற்சி பற்றியெல்லாம் வீட்டில் ஏற்கெனவே அலசியிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

யாருக்கும் தெரியாத அந்தப் படிப்புக்கு வருவோம். 1930களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் தனித் துறையாக உருப்பெற்றது இது. தத்துவம், சமூகவியல், வரலாறு ஆகியவற்றின் கண்ணால் பள்ளியைப் பார்ப்பதுதான் இதன் வேலை. பாடம் நடத்தும் பயிற்சி இதில் கிடைக்காது. பெரும்பாலான இடங்களில் ஆசிரியர் உரிமமும் கிடைக்காது. சேர்ந்த பிறகு இதை அறிந்து திகைப்பவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே துறையிடம் எழுதிக் கேளுங்கள்.

ஓர் உதாரணம். ஒரு பள்ளி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மதிப்பெண்படி மூன்று பிரிவாகப் பிரிக்க நினைக்கிறது. நிர்வாகம் படித்தவர் செலவையும் தேர்ச்சி விகிதத்தையும் கணக்கிடுவார். இந்தத் துறையில் படித்தவர் கேட்பது வேறு. எந்தத் தேர்வை வைத்துப் பிரித்தீர்கள்? கீழ்ப்பிரிவுக்குப் போன பிள்ளை மேலே வர வழி உண்டா? அனுபவமுள்ள ஆசிரியர்கள் எந்தப் பிரிவுக்குப் போகிறார்கள்? எந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே குவிகிறார்கள்? பதினொரு வயதில் ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் பள்ளிக்கு என்ன உரிமை? கடைசிக் கேள்வி தத்துவம், மற்றவை சமூகவியல். கணிதம் படித்தவளுக்கு இங்கே ஓர் அனுகூலமும் உண்டு. அமெரிக்காவில் 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை சுமார் 4,000 பள்ளிகளின் தரவை வைத்து, மாணவர் தேர்ச்சியில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே பங்கு அதிகம் என்றது. அந்த முடிவு இன்றும் சர்ச்சைக்குரியது. சண்டை நடப்பது புள்ளியியலின் மொழியில்.

நாட்டம் உண்மையானதா என்று சோதிக்க ஒரு மாதம் போதும். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1916இல் எழுதிய 'ஜனநாயகமும் கல்வியும்' நூலின் முதல் நான்கு அத்தியாயங்களைப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கில மூலம் இணையத்தில் இலவசம். அடுத்து, பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர் பால் வில்லிஸ் 1977இல் எழுதிய 'லேர்னிங் டு லேபர்' நூலின் முதல் பகுதி. உழைக்கும் வர்க்கப் பையன்கள் பள்ளியை எதிர்த்து நின்றே எப்படித் தங்கள் தந்தையரின் வேலைகளுக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்பதை அதில் காணலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதட்டும். சுருக்கம் வேண்டாம், எங்கே உடன்படவில்லை என்பது மட்டும். டூயியின் இரண்டாம் அத்தியாயத்திலேயே சலித்துப்போனால் இந்தப் படிப்பு அவளுக்கு வேண்டாம். எழுதிய பிறகும் வாதாடிக்கொண்டே இருந்தால் நீங்கள் வழிவிடத்தான் வேண்டும்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். இதே படிப்பு 'கல்விக் கொள்கை ஆய்வுகள்', 'கல்வியும் சமூகமும்', 'பண்பாட்டு அடிப்படைகள்' என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். பெயரை நம்பாமல் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். தத்துவத்தில் ஒரு தாளாவது, சமூகவியலில் ஒன்றாவது, கள ஆய்வு முறையில் ஒன்றாவது இல்லையென்றால் அது வேறு படிப்பு.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் தோற்பது நோக்க அறிக்கையில்தான், அதாவது எதை ஆராயப் போகிறேன், ஏன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரையில். "கல்வியில் சமத்துவம் பற்றி ஆராய விரும்புகிறேன்" என்பது எந்தப் பேராசிரியரையும் நிமிர்ந்து உட்கார வைக்காது. "வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கு ஆசிரியர் சொல்லும் காரணம், அந்தப் பிள்ளையின் குடும்பத்தைப் பொறுத்து மாறுகிறதா?" என்பது ஆய்வுக் கேள்வி. அதற்கு வகுப்பறையில் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். குழந்தைகளிடம் தகவல் திரட்ட நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பள்ளியின் அனுமதி என்று வரிசையாகக் காத்திருக்க வேண்டிவரும். கடைசி நேரத்தில் பள்ளி கையை விரித்தால் ஆய்வே நின்றுபோகும். அதனால் மாற்றுப் பள்ளி ஒன்றை முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். கேள்வி முழுக்கத் தத்துவமாக இருந்தால் இந்த அலைச்சல் இல்லை, ஆனால் விண்ணப்பத்தோடு அனுப்பும் எழுத்துமாதிரி, அதாவது அவளே எழுதிய கட்டுரை, பலமாக இருக்க வேண்டும்.

வேலை? பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு; அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பாடத்திட்டக் குழு, பாடநூல் தயாரிப்பு, கல்வித் தொண்டு நிறுவனம், மதிப்பீட்டு ஆய்வு ஆகியவைதான் நடைமுறை வாசல்கள். பெரும் சம்பளம் இவற்றில் இல்லை. அதனால்தான் பணவிஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்: முதுகலைக்குப் பெருங்கடன் வேண்டாம். கட்டணம் எட்டாவிட்டால், ஆசிரியர் உரிமம் பெற்று இரண்டு மூன்று ஆண்டு வகுப்பெடுத்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கட்டும். அந்த அனுபவம் விண்ணப்பத்துக்கும் எடை கூட்டும்.

முனைவர் பட்டம் என்றால் உதவித்தொகை இல்லாமல் சேரவே கூடாது. 'கட்டண விலக்கு' என்ற சொல்லோடு நிறைவடையாதீர்கள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேறு பணம் வேண்டும். தொகை எத்தனை ஆண்டுக்கு? ஆண்டுக்கு 9 மாதமா, 12 மாதமா? வாரத்துக்கு எத்தனை மணிநேரம் கற்பிக்கவோ ஆய்வுக்கு உதவவோ வேண்டும்? வழிகாட்டிப் பேராசிரியர் வேறிடம் போனால் என்ன ஏற்பாடு? இந்த நான்குக்கும் துறையிடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகு சேர்க்கையை ஒப்புக்கொள்ளுங்கள். அதே துறையில் இப்போது படிக்கும் இருவரிடம், முன்பு முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலை நீங்கள் எழுத வேண்டாம், மகளே எழுதட்டும்.