வன்னியில் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து ஓரிரவு தங்க முடியுமா?

கேள்வி கேட்டவர் ஓகஸ்டில் கனடாவில் இருந்து இரண்டு பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருகிறாராம். கனடாவில் ஓடைக்கரைகளில் இருப்பதுபோல மேசை, நெருப்பு மூட்டக் கிடங்கு, கழிவறை எல்லாம் உள்ள சின்ன இடம் வன்னிக் காட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

நான் மாங்குளம் பக்கம். காசு கட்டிப் பதிந்துவிட்டு வந்து இறங்குகிற அப்படி ஒரு இடத்தை எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை. ஆனால் தங்கலாம். ஆற்றங்கரையில் காணி வைத்திருக்கிற ஒருவரைப் பிடியுங்கள். கூடாரம் எங்கே அடிப்பது என்பதை அவர் சொல்லட்டும், நீங்கள் தெரிவு செய்ய வேண்டாம்.

நாங்கள் தெரிவு செய்த கதையைச் சொல்கிறேன். ஒரு யூன் கடைசியில் நாலு பேர், கனகராயன் ஆற்றங்கரையில் இருக்கிற பெரியப்பாவின் காணிக்குப் போனோம். வவுனியாவின் வடக்கில் தொடங்கி இரணைமடுக் குளத்துக்குப் போய்ச் சேருகிற ஆறு அது. மாரியில் கரை முட்டி ஓடும். யூனில் வெறும் மணலும் இடைக்கிடை மடுவும்தான். பெரியப்பா மாடு சாய்க்கப் போயிருந்தார். அவர் வரமுன் நாங்களே இடம் பார்த்தோம். கரையில் ஒரு பெரிய பாலைமரம், நல்ல நிழல். கீழே பற்றை இல்லை, கூட்டிவிட்டதுபோலத் தரை. கூடாரத்தை அடித்து, கேத்தலும் வைத்தாயிற்று.

பொழுதுபடப் பெரியப்பா வந்தார். "ஆரடா உங்களுக்கு இந்த இடத்தைக் காட்டினது? மேல பாருங்கோ" என்றார். மரம் மஞ்சளாய்ப் பழுத்துக் கிடந்தது.

பாலை பழுக்கிற காலத்தில் கரடி அந்த மரத்தைத் தேடித்தான் வரும். மரத்தில் ஏறியும் தின்னும். எங்கள் ஊரில் யானையை விடக் கரடிக்குத்தான் பயம். யானை தூரத்திலேயே தெரியும், வழிவிட்டால் அது தன்பாட்டில் போய்விடும். கரடி குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருக்கும். கிட்டப் போனபிறகுதான் ஆளைக் காணும், கண்டால் முகத்துக்குத்தான் பாயும். தரை கூட்டின மாதிரி இருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. பழம் பொறுக்க வருகிற மானும் பன்றியும் கரடியும் மிதித்து வைத்த இடம். பட்டையில் நகக் கீறல்கூட இருந்தது. நாலு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ரோச் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு கொட்டிலடிக்கு ஓடினோம். இரவு கரடி வந்ததா என்று கேட்காதீர்கள், எனக்கு நல்ல நித்திரை. பெரியப்பாதான் நெருப்பைத் தள்ளித் தள்ளி, குந்தியிருந்து சுருட்டுப் பத்தினார்.

ஓகஸ்டில் பாலைப்பழம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் ஆறு இன்னும் வற்றும். மிஞ்சுகிற மடுக்கள்தான் காட்டுக்கு முழுவதும் குடிதண்ணி, யானை இறங்குகிற கடவையும் அங்கேதான். அதனால் தண்ணிக் கரையை விட்டுத் தள்ளி, மேட்டில், வீடோ கொட்டிலோ உள்ள பக்கமாகப் படுங்கள். மடுவில் பிள்ளைகளை இறக்க வேண்டாம், முதலை கிடக்கும். ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே உறங்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே அந்தச் சத்தம் கேட்பது மாரியில்தான், அப்போது ஆற்றுப் பக்கம் தலைவைத்தே படுக்கக்கூடாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் வீட்டை விட்டு ஓடினது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நெருப்பு விஷயத்தில் கனடாப் பழக்கத்தை விட்டுவிட்டு வாருங்கள். தெரியாத நிலத்தில் கிடங்கு வெட்டி மூட்டாதீர்கள். சண்டை நடந்த மண் இது. மிதிவெடி அகற்றிய இடத்திலும் ஒரு பழைய ஷெல் புதைந்து கிடக்கலாம், சூடு ஏறினால் வெடிக்கும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஊர்ச்சனம் விறகு பொறுக்குகிற இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். கொட்டிலில் ஏற்கெனவே மூன்று கல் வைத்த அடுப்பு இருக்கும், அது போதும்.

வனவிலங்குத் திணைக்களத்தின் காட்டிலும் வனத் திணைக்களத்தின் காட்டிலும் அனுமதி இல்லாமல் இரவு தங்கமுடியாது. கூடாரம் சிப் பூட்டுகிறதாக இருக்கட்டும், வெறும் படங்கை விரித்துப் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் இரவில், நித்திரையில் கிடப்பவரைத்தான் கடிக்கும். வீக்கமும் இராது, நோவும் பெரிதாக இராது, விடியக் கண் இமை தொங்கும்போதுதான் தெரியும். சந்தேகம் என்றாலே ஆஸ்பத்திரிதான். குடிதண்ணி கையோடு கொண்டு வாருங்கள்.

இவ்வளவும் பயமாக இருந்தால் மடுவுக்குப் போங்கள். ஆற்றுமடு இல்லை, மாதா கோயில் மடு. ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, நாள்கணக்கில் சனம் தங்கும். காடும் இருக்கும், துணையும் இருக்கும். அமைதிதான் இராது.

காணிக்காரருக்குக் காசு நீட்டாதீர்கள், மனம் நோகும். யாழ்ப்பாணத்தில் இருந்து வரும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைப்பீர்கள்தானே, அப்படியே இரண்டு பை கச்சான் கூடுதலாக வாங்குங்கள். பெரியப்பாவிடம் வருவதென்றால் சுருட்டு.