நான்கு நாள் காய்ச்சல்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 53 வயது. செப்டம்பர் பிறந்து, வெயில் தணிந்து, ஓரிரு இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்குள் புரண்டு எழும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் என்பதாலோ என்னவோ, புது நோட்டைப் பார்த்தாலே கை பரபரக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் நீர்வண்ண ஓவியம் ஆரம்பித்தேன். வீடு மாற்ற வேண்டி வந்தது, நின்றுபோனது. அடுத்த வருடம் கீபோர்டு. மகளுக்குப் பரீட்சை வந்தது, அதுவும் நின்றது. போன வருடம் பிரெஞ்சு, மாலை வகுப்பு. மூன்றாவது வாரம் எண்கள் நடத்தினார்கள். என்னைத் தொண்ணூற்றேழு சொல்லச் சொன்னார்கள், உளறிவிட்டேன், முன் வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்த வாரம்தான் என் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. 22 வயதுப் பையன், நான்கு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் வகுப்பு அதோடு நின்றுபோயிற்று. குடும்பம் என்றால் அப்படித்தானே! இந்த இலையுதிர் காலத்திலாவது ஒன்றை உருப்படியாகக் கற்க ஆசைப்படுகிறேன். என் வயதுக்கு எது சரியாக வரும்? நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இலைகள் நிறம் மாறுவதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். அழகாகவே இருந்தது, இடம் இல்லாததால் வெட்டிவிட்டோம். மகனின் காய்ச்சலுக்கு ஒன்றரை வரி. எனக்கு அந்த ஒன்றரை வரிதான் வேண்டும்.

நான்கு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்கவில்லை, நீங்களாகவே எழுதினீர்கள். வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள் என்றால் அந்தக் காய்ச்சலால் நீங்கள் தவறவிட்டது ஒரு வகுப்பு. சரி, இரண்டு நாள் என்றே வைத்துக்கொள்வோம், இரண்டு வகுப்பு. அதற்கடுத்த வாரம் உங்கள் பையன் எழுந்து நடமாடியிருப்பான், வேலைக்கோ கல்லூரிக்கோ போயிருப்பான். நீங்கள் ஏன் வகுப்புக்குப் போகவில்லை? அதற்கும் அடுத்த வாரம்? வீட்டில் அப்போது யாருக்கு என்ன?

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுவும் காய்ச்சலுக்கு முந்தைய வரியில். தொண்ணூற்றேழு.

எனக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. செப்டம்பரில் ஆசையோடு வரும், நவம்பரில் அலுப்போடு வரும். படித்தவுடன் 'ஐயோ பாவம், குடும்பத்துக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்' என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். மாட்டேன். உங்கள் பட்டியலைப் பாருங்கள். ஓவியம், வீட்டு மாற்றம். கீபோர்டு, மகள். பிரெஞ்சு, மகன். ஒவ்வொரு கலைக்கும் பக்கத்தில் வீட்டில் ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். வீடு மாற்ற எத்தனை வாரம் பிடித்தது? மகளின் பரீட்சைக்கு நீங்கள் கீபோர்டை ஹெட்போன் போட்டு வாசித்திருந்தால் அவளுக்கு என்ன இடைஞ்சல்? இதையெல்லாம் துருவிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. பிரெஞ்சு ஒன்றே போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் 'வீட்டை விடு, உனக்காக வாழு' கட்சி என்று நினைத்துவிடுவீர்கள். நான் பழைய காலத்து ஆள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பும் கிடையாது, மண்ணும் கிடையாது. பிள்ளைக்கு 22 ஆனால் என்ன, 42 ஆனால் என்ன, தாய் பக்கத்தில் உட்காரத்தான் வேண்டும். (அந்த வயதில் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று பையனுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும், அது வேறு விஷயம்.) அந்த நான்கு நாள் நீங்கள் செய்தது கடமை. ஐந்தாவது நாளிலிருந்து செய்தது கடமை இல்லை, அந்தக் காய்ச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. முந்தையதைப் பாராட்டுவேன். பிந்தையதற்குக் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் இதே வேலையைச் செய்தவள். முப்பத்தைந்து வயதில் நீச்சல் கற்கப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஒரு நாள் ஆழமான பக்கத்துக்கு வரச் சொன்னார்கள். சுவரைப் பிடித்த கையை என்னால் எடுக்கவே முடியவில்லை. பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று குதித்து, போய், திரும்பியும் வந்துவிட்டது. மறுவாரத்திலிருந்து நான் போகவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், 'மாமியாருக்கு முட்டி வலி, விட்டுவிட்டுப் போக முடியவில்லை' என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. பல வருடம் கழித்து ஒரு விசேஷத்தில் யாரோ என் மாமியாரிடம், 'உங்களைப் பார்த்துக்கொள்வதற்காகத்தானே இவள் நீச்சலை விட்டாள்' என்று சொல்லிவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, 'நான் ஒரு நாளும் போகாதேன்னு சொல்லலையேம்மா' என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் முட்டியை வைத்து நான் எத்தனை பேரிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

உங்கள் மகனுக்கும் இது ஒரு நாள் காதில் விழும். ஏற்கெனவே விழுந்திருக்கலாம். 'உனக்குக் காய்ச்சல் வந்துதான் அம்மா படிப்பை விட்டாள்' என்பது ஒரு பிள்ளையின் தலையில் வைக்கிற சுமை, அதுவும் அவன் வாங்காத கடனுக்கு. கடமையைச் செய்தவர்கள் அதற்குக் கணக்கு எழுதி வைக்கக் கூடாது. செய்யாததற்கும் சேர்த்து எழுதி வைப்பது அதைவிட மோசம்.

சரி, தொண்ணூற்றேழுக்கு வருவோம். அந்தப் பிள்ளைகள் சிரித்தது தப்புதான், ஆனால் அது உங்களைப் பார்த்துச் சிரித்ததா, அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்ததா? பிரான்சில் பேசுகிற பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்றால் 'கத்ர வேன் தீஸ் செத்'. பிரித்துப் பார்த்தால் நாலு இருபது, பத்து, ஏழு. எண்பதை நாலு இருபதாக எண்ணி, அதன் மேல் பதினேழை வைக்கிறார்கள். எழுபதும் இப்படித்தான், அறுபதும் பத்தும். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்களே இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்று தொண்ணூறுக்கு நேராக 'நொனாந்த்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு புதுப் படிப்பாளி உளறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நம்முடையது மட்டும் ஒழுங்கா? எழுபது, எண்பது என்று வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று 'தொண்ணூறு'. அதற்குள் ஒரு நூறு உட்கார்ந்திருக்கிறது. எண்ணூறுக்கு அப்புறம் 'தொள்ளாயிரம்', அதற்குள் ஓர் ஆயிரம். தமிழ் கற்க வருகிற வெளியாள் இதைப் பார்த்து முழிப்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நாமும் குழந்தையில் இதில் தடுக்கி விழுந்தவர்கள்தான், யாருக்கும் நினைவில்லை. அப்போது சிரித்தார்கள் என்று நாம் பேச்சை நிறுத்திவிடவில்லை.

செப்டம்பரில் ஆசை வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வடக்கு நாடுகளில் பல இடங்களில் பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதம் அது. செப்டம்பர் 22 அல்லது 23 அன்று பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும், அந்தச் சமயத்தில்தான் பகல் மிக வேகமாகக் குறையும். வடக்கே ஐம்பதாவது அட்சரேகைப் பக்கம் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் போகிறது, இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். வருடம் கையைவிட்டு நழுவுகிறதே என்ற பதைப்பு யாருக்கும் வரும். இதோடு இன்னொன்று. 2014இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர், வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், கல்லூரிப் பருவத்தின் தொடக்கம் போன்ற நாள்களில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருகிறவர்கள் கூடுவதைக் காட்டி, அதற்குப் 'புதுத் தொடக்க விளைவு' என்று பெயர் வைத்தார்கள். பழைய தோல்வியெல்லாம் போன கணக்கு, இன்று நான் புது ஆள் என்ற எண்ணமாம். நல்ல எண்ணம்தான். ஆனால் உங்களிடம் அது ஒரு கெட்ட வேலையும் செய்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புது ஆளாகிவிடுவதால் போன வருடத்துப் பெண் எங்கே நின்றாள் என்று நீங்கள் பார்ப்பதே இல்லை. அவள் மூன்றாவது வாரத்தில் அப்படியே நிற்கிறாள்.

அதனால் 'எது கற்கலாம்' என்று கேட்டதற்கு என் பதில் பிரெஞ்சு. புதிதாக ஒன்றும் கிடையாது. முடிந்தால் அதே இடம், அதே ஆசிரியர், ஆரம்ப வகுப்பு. வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் உங்களுக்கு மற்றவர்களைவிடச் சுலபமாகப் போகும், ஏனென்றால் கற்றது முழுக்கப் போய்விடுவதில்லை. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தன்னையே வைத்து இதைச் சோதித்து 1885இல் புத்தகமாக எழுதினார். பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, விட்டுவிட்டு, மறுபடி படித்துப் பார்த்தார். ஒரு மாதம் ஆன பிறகும், முதல்முறை பிடித்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு மிச்சமாயிற்று. பொருளில்லாத அசைக்கே அப்படி. நீங்கள் படித்தது பொருளுள்ள சொற்கள்.

ஒரு வகுப்பு தவறினால் எல்லாம் போயிற்று என்பதற்கும் ஆதாரம் கிடையாது. லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள் 96 பேரை வைத்து, ஒரு சின்னச் செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. அவர்கள் பார்த்தது சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி மாதிரியான பழக்கங்களை, மொழியை அல்ல. இருந்தாலும் தினமும் பதினைந்து நிமிடம் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவதும் பழக்கம்தானே. செப்டம்பர் 15இல் ஆரம்பித்து 66ஐ எண்ணுங்கள், நவம்பர் மூன்றாவது வாரம் வரும். மூன்று வருடமாக நீங்கள் எதிலாவது அக்டோபரைத் தாண்டியிருக்கிறீர்களா?

வயதைக் கேட்டீர்கள், மறக்கவில்லை. உச்சரிப்பில் சின்னப் பிள்ளைகள் உங்களை முந்துவார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தொடக்கத்தில் இலக்கணத்தையும் சொற்களையும் பிடித்துக்கொள்வதில் பெரியவர்கள் குழந்தைகளைவிட வேகமாகவே போவார்கள். 53 ஒரு காரணமே இல்லை. அதையும் வீட்டுக்காரர்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

வகுப்பில் சேருவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மகனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். 'போன வருடம் நான் பிரெஞ்சை விட்டது உன் காய்ச்சலால் இல்லை. எண் சொல்லத் தெரியவில்லை, சிரித்தார்கள், பயந்துவிட்டேன்' என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல உங்களுக்கு மூன்று நாளாவது பிடிக்கும், அப்படித்தான் பிடிக்கும். நான் என் மாமியாரிடம் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். கேட்டுவிட்டு அவர், 'அப்போ இப்போ போயேன், குளம் அங்கேதானே இருக்கு' என்றார். போனேன். இன்றைக்கும் அழகாக நீந்தத் தெரியாது, ஆனால் மூழ்க மாட்டேன்.

வகுப்பு நாளன்று மாலையில் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசி முடியுங்கள். கணவர், மகன், மகள் மூன்று பேர் இருக்கிறார்கள், வாரத்தில் ஒரு மாலை. அம்மா ஒரு மாலை வீட்டில் இல்லாவிட்டால் சமாளிக்கத் தெரியாத பிள்ளைகளை வளர்த்தது உங்கள் கடமையில் ஒரு குறை என்றே சொல்வேன், அதை இப்போதாவது சரிசெய்யுங்கள். அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும். உண்மையாகவே யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த வாரம் போகாதீர்கள், ஆசிரியருக்கு ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்த வாரம் போங்கள்.

மூன்றாவது வாரம் மறுபடி எண்கள் வரும். அன்று ராத்திரி எனக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம், இலைகளைப் பற்றி வேண்டவே வேண்டாம். தொண்ணூற்றேழை மட்டும் பிரெஞ்சில் எழுத்தால் எழுதி அனுப்புங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா