எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொல்லும் விருந்தாளி

கேள்வி: நாங்கள் பிரிஸ்பேனில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். பள்ளி மூலமாக வந்த 16 வயது ஜப்பானிய மாணவி ஒருத்தி இரண்டு வாரம் எங்களோடு தங்குகிறாள். இன்றோடு நான்கு நாள் ஆகிறது. எதைக் கேட்டாலும் ‘யெஸ்’ என்கிறாள். சாப்பிட்டதும் அறைக்குள் போய்விடுகிறாள். குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம் ஆகிறது. வெள்ளைக்காரர் வீட்டை எதிர்பார்த்து வந்தவளுக்கு எங்கள் வீடு ஏமாற்றமாகிவிட்டதோ என்று மனம் உறுத்துகிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பெண்ணின் மௌனத்தை ஏமாற்றம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். நான் சில ஆண்டுகள் ஜப்பானில் வசித்தபோது, இத்தகைய பயணம் முடித்துத் திரும்பிய மாணவிகள் பலரோடு பேசியிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி, முதல் மூன்று இரவும் தாகத்தோடுதான் படுத்திருந்தாளாம். பிறர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் கேட்காமல் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். கேட்பதற்கான ஆங்கில வாக்கியத்தை இருட்டில் படுத்தபடி மனத்துக்குள் கூட்டிக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். காலையில் அந்த வீட்டம்மா, “இரவு வசதியாக இருந்ததா?” என்று அன்போடு கேட்டபோது, ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டாள்.

ஜப்பானியர் பேச்சுக்கு நடுவே சொல்லும் ‘ஹை’ என்ற சொல், பல நேரங்களில் சம்மதத்தைக் குறிப்பதில்லை. கதை கேட்கும்போது நாம் ‘உம்’ கொட்டுவதைப் போன்றது அது. போதாததற்கு, “குழம்பு வேண்டாமா?” என்று எதிர்மறையாகக் கேட்டால், வேண்டாதவர் தமிழில் “ஆமாம், வேண்டாம்” என்று சொல்வதைப் போலவே ஜப்பானிய மொழியிலும் ‘ஆமாம்’ என்றே தொடங்குவார், ஆங்கிலத்திலோ அந்த இடத்தில் ‘நோ’ வர வேண்டும். ஆகையால் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை விட்டுவிட்டு, “பாலா, தேநீரா?”, “கடற்கரைக்கா, கடைத்தெருவுக்கா?” என்று கேளுங்கள். முக்கியமானவற்றைத் தாளில் எழுதியும் கொடுங்கள். அவர்களுடைய ஆங்கிலக் கல்வி நெடுங்காலமாக இலக்கணத்தையும் வாசிப்பையும் சார்ந்தே நடந்துவந்திருப்பதால், காதில் விழும்போது புரியாதது கண்ணில் பட்டால் பெரும்பாலும் புரிந்துவிடும்.

குளியலைப் பற்றி அவளிடம் நேராகவே சொல்லிவிடலாம். ஜப்பானிய வீடுகளில் தொட்டிக்கு வெளியே உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்கி அமிழ்ந்திருப்பார்கள். அதே நீரில் வீட்டார் ஒருவர்பின் ஒருவராகக் குளிப்பார்கள். நிதானமாகக் குளிப்பது அங்கே அன்றாடப் பழக்கம். உங்கள் ஊரில் கடும் வறட்சி நிலவிய 2007ஆம் ஆண்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்து, நான்கு நிமிடக் குளியலைப் பழக்கிய கதையைச் சொல்லி, கடிகாரத்தைக் காட்டி நேரத்தைக் குறிப்பிடுங்கள். அவள் வருந்த மாட்டாள். வீட்டின் விதி தெரியாமல் தவறு செய்துவிடுவோமோ என்ற அச்சத்தில் இருப்பவளுக்கு, விதியைத் தெரிந்துகொள்வதே ஆறுதல்.

வெள்ளைக்காரர் வீடு இல்லையே என்ற குற்ற உணர்ச்சியை விட்டுவிடுங்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வாழ்பவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவள் காண வந்த ஆஸ்திரேலியாவில் உங்கள் வீடும் சேர்ந்ததுதான். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்: இரவு உணவின்போது நீங்களும் கணவரும் பிள்ளைகளும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள்? தமிழில் என்றால், சாப்பிட்டவுடன் அவள் எழுந்துபோவதில் வியப்பில்லை. அந்த அரை மணி நேரமாவது எல்லாரும் ஆங்கிலத்தில், மெதுவாகப் பேசுங்கள்.

காரத்தையும் கவனியுங்கள். ஜப்பானில் வீட்டுக்கு வீடு ‘கறி ரைஸ்’ என்ற மசாலாக் குழம்புச் சோறு உண்டு என்றாலும், மெய்ஜி என்ற பேரரசரின் காலத்தில் (1868–1912) ஆங்கிலேயர் வழியாக அங்கே போய், மாவு சேர்த்துக் கெட்டியாகி, சற்றே இனிப்பேறிய உணவு அது. தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று பழகிய பிள்ளை, கண் கலங்கினாலும் முழுவதையும் தின்றுவிடுவாள். ஆகவே கொஞ்சமாகப் பரிமாறுங்கள்.

அவளிடம் வேலையும் சொல்லுங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையையும் நடைவழியையும் மாணவர்களே கூட்டித் துடைக்கிறார்கள். வீட்டில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்குச் சங்கடம். தோசைக்கல்லின் முன் நிறுத்தி, மாவை எப்படி வட்டமாக இழுப்பது என்று காட்டிக்கொடுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். அப்படியும் சாப்பிடாமல் இருந்தாலோ, தனியே அழுதாலோ, தாமதிக்காமல் பள்ளியின் பொறுப்பாளரிடம் தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்று. வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜப்பானியர் ‘இத்தேகிமாஸ்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் நம் ‘போய் வருகிறேன்’தான். வழியனுப்புகிறவர் ‘இத்தெராஷ்ஷை’ என்பார். திரும்பி வந்ததும் ‘ஒகாஎரி’ என்று வரவேற்பார். நாளைக் காலை அவள் காலணி மாட்டும்போது வாசலில் நின்று ‘இத்தெராஷ்ஷை’ என்று சொல்லுங்கள். நம் வீட்டிலும் ‘போகிறேன்’ என்று சொல்லும் வழக்கமில்லை என்பதை, அன்று மாலை தோசை வார்த்தபடியே அவளுக்கு விளக்குங்கள்.